பதினாலு போன், ஐம்பது சேர், ஒரு ஒத்திகை

நேத்து சனிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலைதான். பதினாலு பேருக்குப் போன் போய்ச் சேருதான்னு பாக்கணும். அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.

முடிச்சிட்டு வஞ்சிர மீன் குழம்பு, அப்பால ஒரு குட்டித் தூக்கம். பிளான்லாம் பக்காவா இருந்துச்சு.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பேரு ஃபிலோமினா. ஊரு ராயபுரம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல பேப்பர் வேலை. முப்பத்தெட்டு வயசுல, தெருவே சிரிக்க, வாரக் கடைசி கிளாஸ்ல எம்.பி.ஏ. சேந்திருக்கேன். எண்டர்பிரைஸ் ரிஸ்க் மேனேஜ்மென்ட்.

அதாவது, ஒரு கம்பெனிக்கு எந்தெந்தப் பக்கத்துல இருந்து ஆப்பு வரும்னு முன்கூட்டியே உக்காந்து யோசிச்சு, கட்டம் போட்டு, கலர் அடிச்சு வைக்கிற படிப்பு. சிவப்பு கட்டம்னா பெரிய ஆப்பு. மஞ்சள்னா நடுத்தரம். பச்சைன்னா நிம்மதியாத் தூங்கலாம்.

"இதுக்கு ரெண்டு வருஷம் காலேஜா? எங்கம்மா சும்மாவே பண்ணுவாங்களே!"ன்னார் எங்க வூட்டுக்காரர் ஜோசப்.

அவரு சொன்னதுலயும் தப்பில்ல. நான் மாடிக்குத் துணி காயப் போடப் போனாலே எங்க மாமியார் நாலு ஆபத்து சொல்லித்தான் அனுப்புவாங்க.

இந்தப் படிப்புல அவசர காலத் தொடர்புன்னு ஒரு செய்முறைத் தேர்வு இருக்கு. அதுல நான் ஏற்கெனவே ரெண்டு தபா ஃபெயில்.

மொத தபா, "தீ விபத்து, வெளியேறவும்"னு கிளாஸ் குரூப்புக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னாங்க. நான் ஆபீஸ் குரூப்புக்கு அனுப்பிட்டேன். யார்டுல பாதி பேரு கேட்டைத் தாண்டி ஓடிட்டாங்க. மீதி பாதி பேரு செய்தியையே பாக்கல. அது வேற விஷயம்.

ரெண்டாவது தபா, நடுவுல என் போன்ல சார்ஜ் தீந்துருச்சு. அவசர காலத் தொடர்பு!

எங்க பேராசிரியர் வசந்தி மேடம் கோவப்பட்டே பாத்ததில்ல. மெதுவாத்தான் பேசுவாங்க. அதான் பயம்.

"ஃபிலோமினா, இதுதான் கடைசி வாய்ப்பு. இதுலயும் போச்சுன்னா வருஷம் மொத்தமும் திரும்பப் படிக்கணும். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வீடியோ கால்ல வருவேன். ரிசல்ட்டோட உக்காந்திருங்க."

திரும்ப ஒரு வருஷம்! தெருவுல பாதி பேருக்கு நான் பாஸாகுறதைவிட ஃபெயிலாகுறதுலதான் ஆர்வம்.

தேர்வு இதுதான். ஒரு சின்ன கம்பெனியை எடுத்துக்கணும். அங்க ஒரு ஆபத்து வந்த மாதிரி கற்பனை பண்ணணும். நான் ரெண்டு பேருக்குப் போன்ல சொல்லணும். அவங்க ஆளுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லணும். அந்த நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு பேருக்கு. ஆக மொத்தம் பதினாலு பேரு. சேதி போய்ச் சேந்த ஒவ்வொருத்தரும் எனக்குத் திரும்பப் போன் பண்ணி "வந்துச்சு"ன்னு சொல்லணும். அரை மணிக்குள்ள பத்து பேரு கூப்ட்டா நான் பாஸ்.

கம்பெனிக்கு எங்க போறது? எங்க பெரியம்மா பையன் ஆன்டனி அண்ணன் காசிமேட்டுல ஐஸ் பேக்டரி வச்சிருக்கார். அங்க போய் நின்னேன்.

"அண்ணே, உங்க பேக்டரில பொய்யா ஒரு ஆபத்து வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்கோ பாப்பா. ஆனா பெருசா எதுவும் வாணாம். சின்னதாப் பாத்து வையி."

கரன்ட் போயிருச்சுன்னு வச்சுக்கலாம்னு முடிவு பண்ணோம். எவ்ளோ அடக்கமான ஆபத்து பாருங்க.

இன்னொரு விதி இருந்துச்சு. முதலாளி அந்த நேரத்துல அங்க இருக்கக் கூடாது. எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியவும் கூடாது. அவர் இல்லாம ஜனங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பாக்கணுமாம்.

"அவ்ளோதானே? டோல்கேட்டாண்ட புச்சா ஒரு ஏசி சலூன் தொறந்துக்கிறான். முடி வெட்டி, டை அடிச்சி, தல மசாஜ் பண்ணிகினு பொறுமையா வரேன்"ன்னார். அண்ணி வேற பசங்களைக் கூட்டிட்டு வேளாங்கண்ணி போயிருந்தாங்க. மனுசன் ஏக சந்தோஷத்துல இருந்தார்.

"போனைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. யாராச்சும் உங்களுக்கு அடிச்சிட்டா டெஸ்டு கெட்டுடும்"னு சொல்லி அவர் போனைப் பிடுங்கி மேஜை மேல வச்சுக்கிட்டேன்.

நான்தான் பிடுங்குனேன். என் கையாலயே. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

மணி பத்து. ஆபீஸ் ரூம்ல உக்காந்தேன். முன்னாடி ஒரு நோட்டு, ஒரு பேனா, லேமினேட் பண்ண என் கலர் கட்டம். போன்ல ஸ்டாப்வாட்ச். அவ்ளோ கெத்தா நான் என் கல்யாணத்துல கூட உக்காரல.

சொல்ல வேண்டிய வாசகத்தை மேடம் இங்கிலீஷ்ல குடுத்திருந்தாங்க. ஜனங்க பீதி ஆகக் கூடாது, அதனால மொதல்லயே தெளிவா சொல்லிடணும்னு அடிக்கோடு வேற. நான் அதை நம்ம பாஷைக்கு மாத்தி எழுதி வச்சிருந்தேன்.

"பதறாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இது சும்மா டெஸ்டு. ஆன்டனி அண்ணன் பேக்டரில கரன்ட் போயிருச்சு. இதை இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லுங்க."

படிக்கும்போதே வடசென்னைக்காரங்க தலைல கை வச்சிருப்பீங்க. எனக்குத் தோணல. படிச்ச புள்ளையாச்சே!

மொத போன் பாஸ்கருக்கு. மிஷின் ஆப்பரேட்டர். பத்தடி தள்ளிதான் நிக்கிறான். இருந்தாலும் விதின்னா விதி, போன்லதான் சொல்லணும்.

"யக்கா, கரன்ட் கீதே. மிசினு ஓடிகினு கீதே."

"கற்பனை பாஸ்கரு."

"அப்ப நானும் கற்பனையா போன் பண்ட்டா?"

"போனை நெஜமா பண்ணுடா!"

பண்ணான். ரெண்டு பேருக்குச் சொல்லிட்டு டீ குடிக்கக் கெளம்பிட்டான்.

ரெண்டாவது போன் மேரி அக்காவுக்கு. காசிமேடு மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. தினம் அண்ணன்கிட்டதான் ஐஸ் எடுப்பாங்க. அவங்க இங்க நின்னு பேசுனா திருவொத்தியூர்ல திரும்பிப் பாப்பாங்க, அப்படி ஒரு குரல்.

"மேரியக்கா, பதறாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இது சும்மா டெஸ்டு..."

மொத்தத்தையும் கேட்டாங்க. அப்புறம் ரொம்ப மெதுவா, "சரிம்மா. நீ தைரியமா இரு"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க.

அடடா, எவ்ளோ ஒத்துழைப்புன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. நோட்டுல "மிகவும் நிதானம்"னு எழுதி வச்சேன்.

பத்து பத்து. ஒரு போனும் வரல.

பத்து இருபது. ஒருத்தரும் கூப்பிடல. என் போன் வேலை செய்யுதான்னு ஜோசப்புக்கு அடிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் வேலை செஞ்சுது. "மீனு வாங்கியாச்சு, புளி எங்க இருக்கு?"ன்னு கேட்டார்.

பத்து இருபத்தஞ்சு. பூஜ்யம். எனக்கு வேர்த்துக் கொட்டுது. ஐஸ் பேக்டரிக்குள்ள உக்காந்து வேர்த்த ஒரே ஜீவன் நானாத்தான் இருப்பேன். பதினாலு பேருல ஒரு மனுசனுக்குக் கூடவா ஒரு போன் பண்ணத் தோணல? இன்னா ஜனங்கடா இதுங்கன்னு திட்டிக்கினே இருந்தேன்.

பத்து இருபத்தெட்டுக்கு வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு இல்ல. வரிசையா நாலு.

மொத ஆட்டோல இருந்து மேரி அக்கா எறங்குனாங்க. தலைமுடி அவிழ்ந்து கெடக்கு. இடுப்புல கட்டுன பிளாஸ்டிக் துணியில மீன் செதில் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. பின்னாடி மார்க்கெட் அக்காங்க ஒரு பத்து பேரு. மேரி அக்கா ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க.

"ஆன்டனி எங்கமே?"

"அக்கா, நீங்க ஏன் வந்தீங்க? எனக்கு ஒரு போன் பண்ணாப் போதுமே!"

"ஆன்டனி எங்கன்னு கேக்குறேன்!"

விதி ஞாபகம் வந்துச்சு. முதலாளி எங்கன்னு சொல்லக் கூடாது.

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா"ன்னேன்.

மேரி அக்கா அப்படியே தரையில குந்திட்டாங்க.

இந்த நேரம் பாத்து மேஜை மேல இருந்த அண்ணனோட போன் அடிச்சுது. எல்லாரும் அதையே பாக்குறாங்க. அடிச்சு அடிச்சு ஓஞ்சுது.

"அவன் போனு இங்க கீது. அவன் இல்ல"ன்னாங்க ஒரு அக்கா. பக்கத்துல நின்னவங்க முந்தானையை வாய்ல வச்சுக்கிட்டாங்க.

தேர்வாவது மண்ணாவதுன்னு நான் உண்மையைப் போட்டு உடைச்சேன். "ஐயோ அக்கா, அவர் முடி வெட்டப் போயிருக்கார்!"

"டபாய்க்காதமே. கரன்ட் பூட்டு ஐஸு உருகிகினு கீறப்ப எவனாச்சும் முடி வெட்டப் போவானா?"

"கரன்ட் போகலக்கா!"

"நீதானே போச்சுன்னு போன் பண்ண?"

"அது பொய்க்கா!"

"அப்ப இதுவும் பொய்யி"ன்னாங்க.

எம்.பி.ஏ. பாடத்துல இதுக்கு ஒரு கட்டம் கூடப் போட்டு வைக்கல.

அதுக்குள்ள வாசல்ல கூட்டம் சேந்துருச்சு. பதினாலு பேருக்குப் போன சேதி எத்தினி பேருக்குப் போச்சோ! மீன்பாடி வண்டில வரவங்க, பைக்ல மூணு பேரா வரவங்க, நடந்தே வரவங்க. ஒருத்தர் கூட வந்து கேள்வி கேக்கல. வந்தாங்க, என் தலையைத் தடவுனாங்க, ஓரமா நின்னுக்கிட்டாங்க.

"ஏன்க்கா, வரதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி என்னன்னு கேட்டிருக்கலாம்ல?"ன்னு அழாத குறையா மேரி அக்காகிட்ட கேட்டேன்.

"துக்க வூட்டுக்கு எவனாச்சும் போன் போட்டு இன்னா ஏதுன்னு கேப்பானா? நேர்ல வந்து நிக்கணும்மே. எங்கப்பன் கடல்ல போனப்ப எனக்கு இன்னா சொன்னானுங்க தெரியுமா? 'ஒண்ணுமில்ல மேரி, பதறாத, சும்மா வந்துட்டுப் போ'ன்னானுங்க. எம்புருசன் வண்டில அடிபட்டப்ப, 'யாருக்கும் ஒண்ணும் ஆகல, நீ கெளம்பி வா'ன்னானுங்க. நீ அத்த ரெண்டயும் ஒண்ணாச் சேத்து சொன்னியே பாவி! என் நெஞ்சே நின்னு பூட்ச்சு!"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

எங்க ஏரியால கெட்ட சேதியை யாரும் போன்ல சொல்ல மாட்டாங்க. கேக்குறவங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாங்களோ, தனியா இருப்பாங்களோன்னு மென்னு முழுங்கி, ஒண்ணுமில்லன்னு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பதறாதன்னு ஒருத்தர் சொன்னா, பதற வேண்டிய நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம். ஆபத்துன்னு பச்சையாவே சொன்னா, எவனோ விளையாடுறான்னு அர்த்தம். எனக்கே இப்படி எத்தினி போன் வந்திருக்கு! அந்த வாசகத்தைத்தான் நான் எழுதி, ரெண்டு தபா திருத்தி, ஸ்டாப்வாட்ச் வச்சுப் பரப்பியிருக்கேன்.

என் கலர் கட்டத்துல "தவறான தகவல் பரவுதல்"னு ஒரு வரி உண்டு. பச்சை அடிச்சு வச்சிருந்தேன்.

அந்தக் கட்டம் அந்த நேரத்துல எங்க இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? கூட்டத்துல ஒரு அக்காவுக்கு மயக்கம் வந்துருச்சு. அவங்களுக்கு விசிறிக்கிட்டு இருந்தாங்க. லேமினேட் பண்ணதால காத்து நல்லா வந்துச்சு.

அப்புறம் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்னுச்சு. பந்தல் போடுற குமார். யார் கூப்பிட்டாங்கன்னு இன்னும் தெரியல. எறங்கி, கைய கட்டிக்கிட்டு, ரொம்ப மரியாதையா கேட்டார்.

"ஐம்பது சேர் எடுத்தாந்துக்கிறேன்க்கா. சாமியானா ஒண்ணு கீது. ஃப்ரீஸர் பாக்ஸ் மட்டும் இன்னொரு எடத்துல மாட்டிகினு கீது. சாயங்காலமா..."

சொல்லிக்கிட்டே சுத்திமுத்திப் பாத்தார். ஐஸ் ரூமைப் பாத்தார்.

"அது இங்க தேவப்படாது"ன்னு அவரே முடிவு பண்ணிட்டு சேரை எறக்க ஆரம்பிச்சிட்டார்.

லோடு எறக்குற சேவியர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு நிக்கிறான். எட்டிப் பாத்தா, இம்மாம் பெரிய ரோஜா மாலை.

"இன்னாடா இது?"

"மாதாவுக்குக்கா"ன்னான். நேத்து மாதாவுக்கு எந்தத் திருநாளும் கெடையாது.

எனக்கு வந்துச்சே கோவம்! ஐஸை இறக்கி வைக்கிற மேடை மேல ஏறி நின்னேன். கைய தூக்கி, தொண்டை கிழியக் கத்துனேன்.

"எல்லாரும் கேளுங்க! யாரும் பதறாதீங்க! யாருக்கும் ஒண்ணும் ஆகல!"

கூட்டம் 'ஓ'ன்னு அழ ஆரம்பிச்சிருச்சு.

சொல்லி முடிச்ச அப்புறம்தான் என் வாய்ல இருந்து இன்னா வந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. மேடைல இருந்து எறங்கிட்டேன்.

இந்தக் களேபரத்துல ஸ்டீபன் மாமா உள்ள போனதை யாரும் கவனிக்கல. ரயில்வேல எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க எது நடந்தாலும் மொதல்ல மெயினை ஆஃப் பண்ணணும்னு அவருக்கு ஒரு கொள்கை. கல்யாண மண்டபத்துல மைக் கீச்சுன்னு சத்தம் போட்டாக்கூட மெயினைத்தான் தேடுவார்.

டம்முன்னு ஒரு சத்தம். பேக்டரி மிஷின் நின்னுச்சு. ராத்திரி பகல்னு ஓடுற மிஷின் அது. நின்னதும் ஊரே அமைதியாயிருச்சு.

"பாத்தியா, கரன்ட் பூட்ச்சு! பொண்ணு சொன்னது நெசந்தான்"ன்னார் ஒரு பெரியவர். நேத்து என்னை நம்புன ஒரே ஆள் அவர்தான்.

டீ டம்ளரோட பாஸ்கர் ஓடி வந்தான். "எவன்டா மெயின ஆஃப் பண்ணது? யக்கா, இன்னாக்கா இவ்ளோ கூட்டம்? ஏய், அது சும்மா டெஸ்டுபா, யக்கா படிப்புக்கு!"

"இவனுக்கும் சொல்லிக் குடுத்து வச்சிக்கிறாங்க, பாவம்"னு மேரி அக்கா மூக்கைச் சிந்துனாங்க.

பாஸ்கர் ஓடிப் போய் மெயினை ஆன் பண்ணான். படீர்னு ஒரு பொறி. ஃபியூஸ் போச்சு.

இப்ப நெஜமாவே ஆபத்து!

ஐஸ் ரூமுக்குள்ள இருக்கிறது தாங்கும். ஆனா ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்காக நாப்பது ஐஸ் பாரை அப்பத்தான் வெளிய எடுத்து மேடைல வச்சிருந்தாங்க, மிஷின்ல போட்டு உடைக்க. உடைக்கிற மிஷின் ஓடாது. வெயிலோ மண்டையைப் பொளக்குது. பார் ஒவ்வொண்ணும் ஒரு ஆளு கனம். ஓரமெல்லாம் தண்ணி சொட்ட ஆரம்பிச்சிருச்சு.

படிச்சதெல்லாம் சுத்தமா மறந்துபோச்சு. அண்ணன் வந்தா இன்னா சொல்வேன், மேடம் வந்தா இன்னா சொல்வேன்னு அங்கியே நின்னு அழுதுட்டேன்.

மேரி அக்கா எழுந்தாங்க. கண்ணைத் தொடச்சாங்க. முடியை அள்ளி முடிஞ்சாங்க.

"ஆன்டனிக்கு இன்னா ஆச்சோ ஏதாச்சோ, அவன் ஐஸு உருகக் கூடாது. எந்திரிங்கடீ!"

அந்தக் குரல் திரும்ப வந்துருச்சு.

"குமாரு, அந்தச் சாமியானாவ இங்க தூக்கிக் கட்டு. வெயிலு உள்ள வரக் கூடாது. சேவியரு, மாலைய ஓரமா வச்சிட்டு கோணி எட்தா. ஸ்டீபன் மாமா, நீதானே புடுங்குன? நீயே போய் ஃபியூஸப் போடு!"

அஞ்சு நிமிஷத்துல சாமியானா மேல ஏறிருச்சு. சேர்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தவங்கள்லாம் எந்திரிச்சு கோணியை நனைச்சுப் போட்டாங்க. ஆளுக்கு ஒரு பக்கமாப் புடிச்சு பாதி பாரை ரூமுக்குள்ள தள்ளுனாங்க. மீதியை மரக்கட்டையாலயும் சம்மட்டியாலயும் கையாலயே உடைச்சு மீன் டப்பால நெரப்புனாங்க. நானும் ஒரு கட்டையைத் தூக்குனேன். மொத அடியிலயே என் கால் மேல போட்டுக்கிட்டேன். "நீ போய் எழுதுறதப் பாரும்மா"ன்னு மரியாதையா ஒதுக்கி வுட்டாங்க.

ஸ்டீபன் மாமா ஃபியூஸைப் போட்டார். மிஷின் திரும்ப ஓடுச்சு. நின்னதுல இருந்து ஐம்பத்திரெண்டு நிமிஷம். வீணாப் போனது ரெண்டே ரெண்டு பார். அதுல ஒண்ணை யாரோ நன்னாரி சர்பத்துல போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டாங்க, அதனால முழுசா வீண்னும் சொல்ல முடியாது.

எல்லாரும் சேர்ல உக்காந்து சர்பத் குடிக்கிற நேரம். வாசல்ல ஒரு பைக் நின்னுச்சு.

ஆன்டனி அண்ணன்.

தலைல கருகருன்னு டை. மீசை நறுக்கி, முகமெல்லாம் பவுடர். பத்து வயசு கம்மியாத் தெரியறார். சாமியானாவைப் பாத்தார். சேரைப் பாத்தார். சேவியர் ஓரமா வச்ச மாலையைப் பாத்தார். மொகம் சுண்டிப் போச்சு.

"யாருக்கு... இன்னா ஆச்சு?"

மேரி அக்கா சர்பத் கிளாஸைக் கீழ வச்சாங்க. நேரா போனாங்க. அண்ணன் முதுகுல ஒண்ணு வச்சாங்க பாருங்க!

"முடியாடா வெட்டிகினு வர? முடியா?"

அப்புறம் அவரைக் கட்டிப் புடிச்சுகினு அழுதாங்க. டை அவங்க தோள்ல ஒட்டிக்கிச்சு.

விஷயத்தைப் பாஸ்கர் சொல்லி முடிச்சதும் அண்ணன் கூட்டத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தார். என்னைக் கொல்லப் போறார்னு பாஸ்கர் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அவரு கண்ணுல தண்ணி.

"எனக்காடா இவ்ளோ பேரு வந்தீங்க?"

"சேரே பத்தலண்ணே"ன்னார் குமார்.

மாலையைச் சேவியர் நெஜமாவே தெரு முனையில இருக்கிற மாதா கெபிக்குக் கொண்டு போய்ப் போட்டுட்டான். நல்லாத்தான் இருந்துச்சு.

மணி ரெண்டு. டாண்ணு வசந்தி மேடம் வீடியோ கால். பின்னாடி அறுவது பேரு என் தோளுக்கு மேல எட்டிப் பாக்குறாங்க. சேர் போட்டாச்சுல்ல, உக்காராம எப்படிப் போவாங்க?

"ஃபிலோமினா, பின்னாடி என்ன விசேஷமா?"

"இல்ல மேடம். தேர்வு."

"சரி. அரை மணிக்குள்ள எத்தனை பேர் போன்ல உறுதி செஞ்சாங்க?"

பொய் சொல்லலாமான்னு ஒரு செகண்டு யோசிச்சேன். காலைல இருந்து சொன்ன பொய்க்கே இன்னும் கணக்குத் தீரல.

"பூஜ்யம் மேடம்."

"பூஜ்யமா? அப்போ, ரொம்ப வருத்தமா இருக்கு, இது..."

பின்னாடி இருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கிருச்சு.

"இன்னாம்மா டீச்சரு, நல்லா கீறியா? நான் மேரி. போனு பண்ணலதான். ஏன் பண்ணணும்? நேர்லயே வந்துக்கிறோமே! இங்க பாரு." போனைத் திருப்பி எல்லாரையும் வரிசையாக் காட்டுனாங்க. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கை ஆட்டுனாங்க. "இத்தினி பேரு. ஆன்டனி பூட்டான்னு நெனச்சி வந்தோம். இதோ, உசுரோட கீறான். டை அடிச்சிக்கிறான்."

அண்ணன் வெக்கப்பட்டுக்கிட்டே வணக்கம் சொன்னார்.

மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டாங்க. எப்போ கரன்ட் போச்சு, யாரு பொறுப்பெடுத்தது, எத்தனை நிமிஷம், எவ்ளோ நஷ்டம். நான் நோட்டைத் தேடுறதுக்குள்ள கூட்டமே பதில் சொல்லிருச்சு. பின்னாடி இருந்து ஸ்டீபன் மாமா, "மெயினை ஆஃப் பண்ணது நான்தான் மேடம்"னு பெருமையாச் சொல்லிக்கிட்டார்.

"ஃபிலோமினா, நீங்க வச்ச பரிசோதனை முழுத் தோல்வி"ன்னாங்க மேடம். "ஆனா முதலாளி இல்லாத நேரத்துல நெஜமாவே ஒரு சம்பவம் நடந்து, ஒரு மணி நேரத்துக்குள்ள இவங்க மீண்டு வந்திருக்காங்க. தேர்வோட நோக்கமே அதுதான். நூத்துக்கு ஐம்பத்தொண்ணு. அதுல ஐம்பது மார்க் மேரி அம்மாவோடது."

"பாஸாம்மே!"ன்னு மேரி அக்கா கத்துனது மேடம் காதுல போன் இல்லாமலே விழுந்திருக்கும். அண்ணன் என் தலைல ஒரு கொட்டு வச்சார். நான் அழுதேனா சிரிச்சேனான்னு எனக்கே தெரியல. ஜோசப் மீன் குழம்பைச் சட்டியோட எடுத்துக்கிட்டு பேக்டரிக்கே வந்துட்டார். அறுவது பேருக்கு எங்க பத்தும்? ஆளுக்கு ஒரு சொட்டு.

ஆனா மேடம் ஒரு வேலை குடுத்திருக்காங்க. அடுத்த ஒத்திகைல ஜனங்களை வீணா அலைக்கழிக்காம இருக்க வாசகத்தை எப்படி மாத்துவீங்கன்னு திங்கக்கிழமைக்குள்ள எழுதி அனுப்பணும்.

ராவெல்லாம் யோசிக்கத் தேவையில்ல. ஒரே வரியில எழுதி இப்பவே அனுப்பிட்டேன்:

"பயங்கர ஆபத்து, எல்லாரும் உடனே ஓடி வாங்கன்னு சொல்லிட்டாப் போதும் மேடம், ஒருத்தரும் வூட்டை விட்டு நகர மாட்டாங்க."